பறவை வேட்டைக்குத் தோட்டா தேர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பலர் காட்டுப்பன்றித் தொல்லைக்காக வாங்கியவர்கள். பன்றிக்கு எது என்று கேட்டால் உடனே சொல்வார்கள். காட்டுக்கோழி, புறா என்று வந்தால்தான் பேச்சு ஆளுக்கொரு திசையில் போகும். ஒட்டுக்கடையிலும் லைசென்ஸ் புதுப்பிக்கும் வரிசையிலும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை, கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளை ரவை என்றே எழுதியிருக்கிறோம்.

துப்பாக்கி லைசென்ஸ் இருக்கே, அது போதாதா? பறவைக்குத் தனியா வேற எடுக்கணுமா?

எடுக்கத்தான் வேண்டும். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போலீஸ் தரும் லைசென்ஸ் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வருவது. தீபகற்பத்தில் வேட்டை உரிமத்தைத் தருவது வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான்; அது வருவது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716-இன் கீழ். சபாவுக்கும் சரவாக்குக்கும் வேறு சட்டங்கள். எந்தப் பறவை, எத்தனை, எந்தக் காலம் என்பதைப் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டு, உரிமத்தில் எழுதியிருக்கும் பறவையை மட்டும் சுடுங்கள்.

இருவாச்சி முழுப் பாதுகாப்பில் உள்ள பறவை. மங்கிய வெளிச்சத்தில் செம்பனை வரிசைக்குள் தாழப் பறப்பது, எலி பிடிக்கத் தோட்டமே பெட்டி கட்டி வளர்க்கும் கூகையாகவும் இருக்கலாம். என்ன பறவை என்று தெரியாமல் பாதுகாப்புப் பூட்டை எடுக்கவே கூடாது. இன்னொருவர் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போவதும் தனி அனுமதி இல்லாமல் ஆகாது. அண்ணன் தம்பி என்றாலும் இதே விதிதான்.

பெட்டி மேல 12, 70, 28, 6-ன்னு நாலு நம்பர் போட்டிருக்கு. எது எதுக்கு?

12 என்பது போர், குழலின் உள் அகலத்தைக் குறிக்கும் எண். 12 போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ. 20 போர் 15.6 மி.மீ. எண் ஏறினால் குழல் சிறுக்கும். 70 என்பது தோட்டாவின் நீளம், மி.மீட்டரில், அமெரிக்கப் பெட்டியில் இதையே இரண்டே முக்கால் அங்குலம் என்று போடுவார்கள். 28 என்பது உள்ளே உள்ள மொத்த ரவையின் எடை, கிராமில். ஏறத்தாழ ஓர் அவுன்ஸ். 6 என்பது ஒவ்வொரு ரவையின் பருமன். இதிலும் எண் கூடக் கூட ரவை சிறியதாகும்.

போரும் நீளமும் உங்கள் துப்பாக்கி விதிப்பவை. அதில் தேர்வு கிடையாது, குழலில் பொறித்திருப்பதுதான் சட்டம். எடையையும் ரவை எண்ணையும் மட்டுமே நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

காட்டுக்கோழிக்கு எந்த நம்பர், புறாவுக்கு எந்த நம்பர்? நேரா சொல்லுங்கண்ணே.

12 போரில் காட்டுக்கோழிக்கு 28 அல்லது 32 கிராம், அமெரிக்க எண் 6. புறாவுக்கு 28 கிராம், ஏழரை. காடை அளவுப் பறவை உரிமத்தில் இருந்தால் எண் 8. ஒரே பெட்டிதான் வாங்க முடியும் என்றால் எண் 6 வாங்குங்கள். புறாவுக்குக் கொஞ்சம் பெரிது, ஆனாலும் ஒத்துப்போகும்.

அமெரிக்கப் பெட்டிகளில் 'பெசன்ட்', 'குவேய்ல்' என்று பறவைப் பெயர் இருக்கும். அங்கே திறந்த வயலில் நாய் கிளப்பிவிடும் பெசன்ட் சேவல் 1 கிலோவைத் தாண்டும். அதற்கு 4 முதல் 6 வரையான ரவையை 36 கிராமும் அதற்கு மேலும் அடைப்பார்கள். நம் காட்டுச் சேவல் ஏறக்குறைய 1 கிலோ, பெட்டை அதைவிடச் சிறியது. அதுவும் வெட்டிப் போட்ட செம்பனை மட்டை அடுக்குக்குள்ளிருந்து கிட்டத்திலேயே எழும்பும். படத்தில் இருக்கும் பறவையைப் பார்த்து வாங்கினால் தேவைக்கு மேல் கனமான தோட்டாதான் கைக்கு வரும்.

பெரிய ரவை போட்டா ஒண்ணு பட்டாலே விழுந்திடும்தானே?

அந்த ஒன்று படுவதுதான் கஷ்டம். 28 கிராமில் அமெரிக்க எண் 4 ரவை ஏறத்தாழ 133 இருக்கும். எண் 6 என்றால் 222, ஏழரை என்றால் 345. எடை ஒன்றேதான், எண்ணிக்கை மட்டும் மாறுகிறது.

பறவை சுத்தமாக விழ நான்கைந்து ரவையாவது உடம்பில் பட வேண்டும். காட்டுக்கோழி அளவுக்கு, 76 செ.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் 120 முதல் 130 ரவை விழுந்தால்தான் அதை நம்பலாம். எண் 4 போட்டால், குழலிலிருந்து கிளம்பும் ரவை ஒன்று விடாமல் வட்டத்துக்குள் போனால்தான் இந்தக் கணக்குத் தேறும். அது நடக்காது. இடைவெளி விழும், அந்த இடைவெளியில் பறவை காலொடிந்து பறந்துபோய் எங்கோ சாகும்.

இங்கிலாந்துப் பெட்டியிலயும் 6, அமெரிக்கப் பெட்டியிலயும் 6. ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. அமெரிக்க 6 என்பது 2.8 மி.மீ., பிரிட்டிஷ் 6 என்பது 2.6 மி.மீ. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம், ஆனால் ஒரு ரவையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு மாறுகிறது. 28 கிராமில் பிரிட்டிஷ் 6 என்றால் சுமார் 267 ரவை. அமெரிக்க 6-க்குச் சமமானது பிரிட்டிஷ் 5; அமெரிக்க ஏழரைக்குச் சமம் பிரிட்டிஷ் 7.

எண்ணை நம்பாமல் மி.மீட்டரைப் பாருங்கள். பல பெட்டிகளில் ரவை எண்ணுக்குப் பக்கத்திலேயே 2.6, 2.8 என்று அச்சிட்டிருக்கும். இல்லாவிட்டால், அமெரிக்க எண்ணுக்கு ஒரு சுருக்குவழி உண்டு: 17-இலிருந்து எண்ணைக் கழித்தால் அங்குலத்தில் நூறில் எத்தனை பங்கு என்று வரும். 17-இல் 6 போனால் 11, அதாவது 0.11 அங்குலம். பிரிட்டிஷ் எண்ணுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

எவ்வளவு தூரம் வரைக்கும் சுடலாம்? கண்ணால பார்த்து தூரம் சொல்ல வரலியே.

செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு அளவுகோல் மண்ணிலேயே நட்டிருக்கிறது. முக்கோண நடவில் மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர். வரிசையோடு பார்த்தால் இரண்டு மர இடைவெளி 18 மீட்டர், மூன்று 27, நான்கு 36. துப்பாக்கிக் கணக்கில் எங்கும் வரும் 40 கஜம் என்பது நான்கு இடைவெளிக்கு அரை மீட்டர்தான் கூடுதல். உங்கள் டிவிஷனில் நடவு கொஞ்சம் நெருக்கமாகவோ அகலமாகவோ இருக்கலாம். ஒருமுறை டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.

நாங்கள் சொல்லும் எல்லை மூன்று இடைவெளி. சோக் (குழல் வாயின் இறுக்கம்) எதுவும் இல்லாத வெறும் குழலிலேயே 27 மீட்டரில் 60 சதவீத ரவை 76 செ.மீ. வட்டத்துக்குள் விழும். 222-இல் 60 சதவீதம் 133. மேலே சொன்ன அளவுக்குப் போதும். நான்காவது மரத்தில் அதே குழல் 40 சதவீதம்தான் தரும், 89 ரவை. அதனால்தான் அந்தத் தூரத்தில் சிலசமயம் விழுவதும் பலசமயம் தப்புவதுமாக இருக்கிறது. துப்பாக்கி மேல் குற்றம் இல்லை.

சோக் சோக்குன்னு சொல்றாங்களே, அது என்ன? என் பழைய ஒத்தைக் குழல்ல என்ன இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

குழலின் வாய்ப்பகுதியில் உள்ள இறுக்கம்தான் சோக். முழுச் சோக் என்றால் வாய் ஏறத்தாழ 1 மி.மீ. குறுகியிருக்கும், அரைச் சோக் அரை மி.மீ., இம்ப்ரூவ்ட் சிலிண்டர் கால் மி.மீ. 40 கஜத்தில் வட்டத்துக்குள் விழுவது முறையே 70, 60, 50 சதவீதம். சோக்கே இல்லாத குழலை சிலிண்டர் என்பார்கள். ஐரோப்பியத் துப்பாக்கிகள் பலவற்றில் குழலடியில் நட்சத்திரம் பொறித்திருப்பார்கள். ஒரு நட்சத்திரம் முழுச் சோக், மூன்று என்றால் அரை.

குறி அழிந்துபோயிருந்தால், 12 போருக்கு மட்டும் ஒரு முரட்டுச் சோதனை. துப்பாக்கியை மடக்கித் திறந்து, தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு, புது 5 சென் காசைக் குழல் வாயில் வைத்துப் பாருங்கள். 2012-இல் வந்த வரிசைக் காசின் விட்டம் 17.78 மி.மீ. உள்ளே போகாமல் விளிம்பில் நின்றால் முழுச் சோக் அல்லது அதற்கு நெருக்கம். உள்ளே போனால் அரையோ அதற்கும் தளர்வோ. 10 சென் காசு 18.8 மி.மீ.; அது வழக்கமான 12 போர் குழலில் எப்படியும் போகாது, அதை வைத்து எதுவும் தெரியாது. குழலுக்குக் குழல் உள்விட்டம் கொஞ்சம் மாறும் என்பதால், சரியான விடை காகிதத்தில்தான் கிடைக்கும்.

காகிதத்துல சுட்டுப் பார்க்கிறதுன்னா எப்படி?

புத்தகக்கடையில் கிடைக்கும் மாஜோங் பேப்பரை இரண்டு மூன்றாகச் சேர்த்து ஒட்டி, 1.2 மீட்டர் சதுரம் ஆக்குங்கள். அனுமதியுள்ள சுடுதளத்தில், நீங்கள் உண்மையில் சுடப்போகும் 27 மீட்டரில் நிறுத்துங்கள். நடுவில் ஒரு புள்ளி. ஒரு தாளுக்கு ஒரு வெடிதான். பிறகு ஓட்டைகள் அதிகம் விழுந்த இடத்தை மையமாக வைத்து 38 செ.மீ. கயிற்றால் வட்டம் போடுங்கள். முதலில் வட்டம் போட்டுவிட்டு அதைக் குறிவைப்பது தவறு. வட்டத்துக்குள் உள்ளதை எண்ணி, தோட்டாவில் இருக்கும் மொத்த ரவையால் வகுத்தால் சதவீதம்.

லைசென்ஸில் தோட்டா எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் பத்துப் பதினைந்து சுட முடியாது. ஒவ்வொரு வகைக்கும் மூன்று தாளாவது சுடுங்கள். ஒரு தாளை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஒரே பெட்டித் தோட்டாக்களே தாளுக்குத் தாள் வேறுபடும். எண்ணி முடித்த பிறகு வட்டத்துக்குள் உள்ளங்கை இரண்டு அகலத்துக்கு வெற்றிடம் இருக்கிறதா என்று பாருங்கள். மொத்தம் 130 வந்தும் அப்படி வெற்றிடம் விழுந்தால் அந்தத் தோட்டா அந்தக் குழலுக்கு ஒத்துவரவில்லை. வேறு கம்பெனி மாற்றுங்கள். ஏன் என்று யாரும் நிச்சயமாகச் சொல்ல மாட்டார்கள். குழலுக்கு ஒரு ருசி உண்டு.

குழல் நேராகச் சுடுகிறதா என்பதும் இதே தாளில் தெரியும். வட்டத்தின் மையம் உங்கள் புள்ளியிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றால், மற்றதெல்லாம் பிறகு.

முழுச் சோக் நல்லாக் குவிக்குதுன்னா அதையே எல்லாத்துக்கும் வச்சுக்கலாமே?

இரண்டு மர இடைவெளியில் முழுச் சோக்கின் பரப்பு சுமார் 40 செ.மீ.தான். இம்ப்ரூவ்ட் சிலிண்டர் அதே இடத்தில் 66 செ.மீ. விரிக்கும். மட்டை அடுக்கிலிருந்து திடீரென்று எழும்பும் கோழியை 40 செ.மீட்டருக்குள் பிடிப்பது கடினம். பிடித்துவிட்டாலோ கறி நைந்து போகும். முழுச் சோக் நிலைத்த குழல்தான் உங்களுக்கு என்றால், பறவையைக் கொஞ்சம் போகவிட்டு மூன்றாவது மரத்தில் சுடுங்கள்.

36 கிராம், மேக்னம் எல்லாம் பவர் கூடன்னு சொல்றாங்க. 28 போதுமா?

மூன்று இடைவெளிக்குப் போதும், மேலே கணக்குப் போட்டாயிற்று. கனத் தோட்டாவில் ரவை எண்ணிக்கைதான் கூடும். ஒவ்வொரு ரவையின் அடியும் கூடிவிடாது. பல மேக்னம் தோட்டாக்கள் சாதாரணத் தோட்டாவைவிட மெதுவாகவே கிளம்பும்.

பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிப் பட்டறைக்காரர்களின் கணக்கு ஒன்று: துப்பாக்கியின் எடை, ரவை எடையைப் போல் 96 மடங்கு இருக்க வேண்டும். 28 கிராமுக்கு 2.7 கிலோ, 32-க்கு 3.1, 36-க்கு 3.5. நம் ஊரில் அதிகம் புழங்கும் ஒற்றைக் குழல் செனாப்பாங் பாத்தா, அதாவது மடக்கித் திறக்கும் துப்பாக்கி, லேசானது. அதில் 36 போட்டால் தோள் வலிக்கும், அடுத்த வெடிக்குக் கண் தானாக மூடும். குறி தவறுவதற்கு அதைவிட வேறு காரணம் வேண்டாம்.

76 மி.மீ. தோட்டா என் 70 துப்பாக்கியில சுலபமா நுழையுதே, போட்டா என்ன?

போடாதீர்கள். 70, 76 என்பதெல்லாம் வெடித்து வாய் விரிந்த பிறகுள்ள நீளம். வெடிக்காத 76 மி.மீ. தோட்டா வாய் மடிந்து 65 மி.மீ. வாக்கில்தான் இருக்கும், அதனால் தோட்டா உட்காரும் அறைக்குள் சிக்காமல் போகும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழல் குறுகும் இடத்தில் போய் அடைக்கும். அழுத்தம் எகிறும். அழகாக மூடிக்கொண்டது என்பது சான்றாகாது. தாத்தா காலத்து இங்கிலாந்துத் துப்பாக்கிகளில் அறை 65 மி.மீ.தான் இருக்கும், அவற்றில் 70-உம் இதே ஆபத்து.

வீட்டுல 12 போரும் 20 போரும் இருக்கு. பையில கலந்து வைக்கலாமா?

துப்பாக்கி விபத்துகளிலேயே மிகக் கெட்டது இதில்தான் வரும். 20 போர் தோட்டாவை 12 போரில் போட்டால் அது அறையைத் தாண்டி உள்ளே வழுக்கிக் குழலின் தொடக்கத்தில் நின்றுவிடும். திறந்து பார்த்தால் அறை காலி. தோட்டா போடவில்லை போலிருக்கிறது என்று 12 ஒன்றைப் போட்டு விசையை அழுத்தினால், முன்னே நிற்பதோடு மோதிக் குழல் இடது கைக்கு மேலேயே கிழியும். 20 போர் தோட்டாவை மஞ்சளில் செய்வது இதற்காகத்தான். ஒரு நாளைக்கு ஒரு போர், ஒரு பை. வீட்டுக்கு வந்ததும் பையைக் கவிழ்த்துக் காலி செய்யுங்கள்.

பன்னிக்கு வச்சிருக்கிற எஸ்.ஜி.யை அவசரத்துக்குப் பறவைக்கு அடிக்கலாமா? இல்ல, பிரிச்சு சின்ன ரவை மாத்திப் போடலாமா?

32 கிராம் எஸ்.ஜி.யில் மொத்தமே 9 குண்டு, ஒவ்வொன்றும் 8.4 மி.மீ. பட்டால் கறி மிஞ்சாது; பெரும்பாலும் படாது. பிரித்து மாற்றுவது அதைவிட மோசம். வெடிமருந்து, அதற்கும் ரவைக்கும் நடுவே இருக்கும் வாட், ரவை எடை மூன்றும் சேர்ந்துதான் அழுத்தத்தை முடிவு செய்கின்றன. ஒன்றை மாற்றினால் எங்கே போய் நிற்கும் என்று வீட்டு மேசையில் யாராலும் அளக்க முடியாது. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றமும்கூட. நாட்டின் துப்பாக்கிச் சட்டங்கள் விளையாட்டுக்கு எழுதப்பட்டவை அல்ல. 1948-இல் இதே சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார்கள் மூவர் சுடப்பட்டதைத் தொடர்ந்துதான் அவசரகாலமே வந்தது.

குறி தப்பின ரவை எவ்வளவு தூரம் போகும்? லயத்துப் பக்கம் பயமா இருக்கு.

பயப்பட வேண்டியதுதான். ரவையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2,200-ஆல் பெருக்கினால், அது போகக்கூடிய உச்ச தூரம் ஏறக்குறையக் கஜத்தில் வரும். ஏழரை சுமார் 190 மீட்டர், 6 சுமார் 220, 4 சுமார் 260. எஸ்.ஜி. 660-ஐத் தாண்டும். கடைசித் தூரத்தில் சிறு ரவைக்கு வேகம் போயிருக்கும், ஆனால் கண் என்றால் அந்த வேகமே போதும்.

6-க்கு 300 மீட்டர் வெற்றிடம் வைத்துக்கொள்ளுங்கள். குலை வெட்டுபவர்களும் உதிரிப்பழம் பொறுக்குபவர்களும் எந்த வரிசையில் இருக்கிறார்கள் என்று அன்று காலையிலேயே வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேளுங்கள். மார்பு உயரத்தில், வரிசையோடு நேராகப் பறக்கும் பறவையை விட்டுவிடுங்கள். அதற்கு அப்பால் மட்டை மறைவில் ஆள் நின்றால் தெரியாது.

ஸ்டீல் ரவை வந்திருக்காமே, ஈயத்தைவிட நல்லதா?

பறவைக்கும் மண்ணுக்கும் நல்லது. நீர்ப்பறவைகள் ஈய ரவையைக் கூழாங்கல் என்று விழுங்கி நஞ்சேறிச் சாவதால், அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் நாடு முழுக்கத் தடை. ஆனால் ஸ்டீலின் அடர்த்தி 7.8, ஈயம் 11.3. லேசானது வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். அதனால் இரண்டு எண் பெரிதாக எடுக்க வேண்டும், ஈயம் 6 என்ற இடத்தில் ஸ்டீல் 4.

ஸ்டீல் நசுங்காது, ஆகவே அரைச் சோக்கைவிட இறுக்கமான குழலில் வேண்டாம். ஸ்டீலுக்கென்று சோதித்த முத்திரை இல்லாத பழைய குழலில் வேண்டவே வேண்டாம்.

மழைக்காலத்துல தோட்டா வீங்கி அறைக்குள்ள போகமாட்டேங்குது. வெயில்ல காய வைக்கலாமா?

அட்டைத் தோட்டாதான் அப்படி வீங்கும். வெயிலில் வைத்தால் அட்டை சுருங்கும், உள்ளே ஈரம் பட்ட மருந்து பழைய நிலைக்கு வராது. தள்ளி அடைத்தால் சுட்டபின் வெளியே எடுக்க முடியாமல் சிக்கும். அவற்றைத் துப்பாக்கிக் கடையிலோ போலீஸ் பலாயிலோ ஒப்படையுங்கள். நம் ஈரக் காற்றுக்குப் பிளாஸ்டிக் தோட்டா, காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். பித்தளைப் பகுதியில் பச்சை பூத்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள். துரு நீக்கும் எண்ணெய் தெளித்துத் துடைக்காதீர்கள், அது தோட்டாவின் அடியிலுள்ள கேப் வழியாக உள்ளே இறங்கி மருந்தைக் கெடுக்கும்.

விசை அழுத்தினேன், வெடிக்கல. இன்னொரு தடவை 'டொப்'னு சின்னச் சத்தம்தான் வந்துச்சு. ரெண்டுக்கும் என்ன செய்யணும்?

வெடிக்காவிட்டால் குழலை ஆளில்லாத திசையில் பிடித்தபடி ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். சில தோட்டா தாமதமாக வெடிக்கும். பிறகு திறந்து எடுங்கள். அதையே மறுபடி போட்டு முயற்சிக்க வேண்டாம்.

சின்னச் சத்தம் இன்னும் ஆபத்து. மருந்து முழுதாக எரியாமல் வாட் குழல் நடுவிலேயே நின்றிருக்கலாம். அடுத்த தோட்டாவைப் போடுமுன் துப்பாக்கியைத் திறந்து, தோட்டா இல்லாத குழல் வழியாக வானத்தைப் பாருங்கள். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரியாவிட்டால் அன்றைய வேட்டை முடிந்தது.

கறியில ரவை கிடக்குது. சமைக்கும்போது என்ன கவனிக்கணும்?

தோலை உரித்ததும் கருஞ்சிவப்பாக இரத்தம் கட்டிய புள்ளிகளைத் தேடுங்கள். பல இடங்களில் ரவை தன்னோடு ஒரு பிடி இறகை உள்ளே இழுத்துக்கொண்டு போயிருக்கும். அந்த இறகைப் பிடித்து இழுத்தால் அடியில் ரவை இருக்கும். சுற்றிலும் விரலகலம் கறியை வெட்டி எறியுங்கள், ஈயம் துகளாகவும் உதிர்ந்திருக்கும்.

புளி, தக்காளி, வினிகர் ஊற்றுமுன் இதைச் செய்ய வேண்டும். புளிப்பு ஈயத்தைக் கரைத்துக் குழம்பில் இறக்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஈய ரவையில் விழுந்த பறவையைத் தராமல் இருப்பதே நல்லது.

எல்லாம் சரியாத்தான் இருக்கு ஐயா. தாள்ல 130 வருது, மூணு மரத்துக்குள்ளதான் சுடறேன். ஆனாலும் வால் இறகு மட்டும் கொட்டுது, பறவை போயிடுது.

அப்படியென்றால் பெட்டியை மாற்றாதீர்கள், கையை மாற்றுங்கள். 27 மீட்டரைக் கடக்க ரவைக்கு ஒரு நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஆகும். நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் பறவை அதற்குள் ஒன்றேகால் மீட்டர் முன்னே போயிருக்கும். நீங்கள் பறவையையே குறிவைக்கிறீர்கள், ரவைக் கூட்டத்தின் ஓரம் வாலில் உரசுகிறது.

பெரும்பாலும், விசையை அழுத்தும் கணத்தில் குழல் நின்றுவிடுவதுதான் காரணம். பறவைக்குப் பின்னாலிருந்து குழலைக் கொண்டுவந்து, அதைத் தாண்டி, தாண்டுகிற அதே ஓட்டத்தில் அழுத்தி, அழுத்திய பிறகும் ஓட்டத்தை நிறுத்தாதீர்கள். நேராக உங்களைவிட்டு விலகிப் போகும் கோழிக்கு இந்த முன்தூரம் தேவையில்லை. ஆனால் எழும்புகிற பறவை மேலே ஏறிக்கொண்டிருக்கும், அதனால் குழல் அதை மறைக்கும் கணத்தில் சுடுங்கள். இறகு கொட்டிய பறவை விழாமல் போனாலும், அது கடைசியாகத் தெரிந்த மரத்தைக் குறித்துவைத்து, அங்கிருந்து இரண்டு வரிசை இரு பக்கமும் மட்டை அடுக்குகளைத் தேடுங்கள். அடிபட்ட காட்டுக்கோழி திறந்த தரையில் கிடக்காது. மட்டைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டிருக்கும்.